கம்பில் கட்டிய மைக்

மைக் அவனை நோக்கி வந்துகொண்டிருந்தது.

ஒட்டடைக் கம்பு நீளத்துக்கு ஒரு கம்பு. அதன் நுனியில் மைக். அந்தக் கோடியில் டிவிக்காரப் பெண், இந்தக் கோடியில் ரேஷன் கடை வரிசை.

வரிசை என்பது ஒரு பேச்சுக்குத்தான். சுண்ணாம்பில் போட்ட வட்டங்களுக்குள் பைகள் நின்றுகொண்டிருந்தன. பை கொண்டுவராதவர்கள் செருப்பைக் கழற்றி விட்டிருந்தார்கள். ஆட்கள் எல்லாரும் வேப்பமர நிழலில், தோளோடு தோள் உரச.

இடைவெளியைப் பைகள் ஒழுங்காகக் கடைப்பிடித்தன.

அவன் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டான். பயமில்லை. சந்தோஷம்தான்.

சொல்லவேண்டியது தயாராக இருந்தது. டிவியின் நேரலை வண்டி ஊருக்குள் வந்திருக்கிறது என்று தெரிந்ததுமே சலூன்காரர் சங்கத் தலைவர் எல்லாருக்கும் போன் போட்டுவிட்டார். யாரிடம் மைக்கை நீட்டினாலும் ஒன்றைத்தான் கேட்க வேண்டும். டீக்கடையைத் திறந்தாயிற்று, சலூனையும் திறந்துவிடுங்கள்.

நாளைக்கு அறிவிப்பு. ஊரடங்கைத் தளர்த்துவார்களா, இன்னும் இறுக்குவார்களா என்று ஊரே அடித்துக்கொண்டிருந்தது. இறுக்கினால் அவன் கடை ஷட்டர் எப்போது மேலே ஏறும் என்று யாருக்கும் தெரியாது.

காலையில் கண்ணாடி முன்னால் நின்று சொல்லிப் பார்த்திருந்தான். மனைவி காஞ்சனா அடுப்பைத் தணித்துவிட்டு வந்து கேட்டாள். முதலில் ஐயா என்று ஆரம்பிக்கச் சொன்னாள். நல்ல யோசனையாகத்தான் பட்டது.

மைக் முதலில் பக்கத்தில் நின்ற ஜவுளிக்கடைக்காரரிடம் போனது. எல்லாவற்றையும் திறந்துவிட வேண்டும் என்றார் அவர். கூட்டம் பிடித்துக்கொண்டது. உனக்கு வியாபாரம்தான் பெரிசா, எங்கள் உயிர் பெரிசில்லையா என்று நாலாபக்கமும் கேட்டார்கள். மனிதர் பின்னால் நகர்ந்து மரத்தோடு மரமாக ஒட்டிக்கொண்டார்.

மைக் அவனிடம் வந்து நின்றது.

டிவிக்காரப் பெண் மாஸ்க்கைக் கொஞ்சம் இறக்கச் சொன்னாள். முகம் தெரியவில்லையாம். சார் என்று வேறு கூப்பிட்டாள்.

சார்.

அவன் மாஸ்க்கை மோவாய்க்கு இறக்கினான். தலையைக் கையாலேயே படிய வாரிக்கொண்டான். ஊரடங்கைக் கடுமையாக்க வேண்டுமா என்று அவள் கேட்டாள். வேப்பமரத்தடி மொத்தமும் அவன் வாயைப் பார்த்தது.

ஐயா என்பது வந்தது. அடுத்தது வரவில்லை.

வேறொன்று வந்தது.

"இன்னும் டைட் பண்ணணும். சும்மா சுத்துறவன் ஒருத்தனைக்கூட விடக்கூடாது."

கை தட்டினார்கள். யாரோ விசில் அடித்தார்கள். கடை ஓரம் லத்தியை ஊன்றி நின்ற போலீஸ்காரர் தலையை ஆட்டினார்.

அதற்குப் பிறகு அவன் வாய் அவனுடையதாக இல்லை. வண்டிகளைப் பிடுங்கச் சொன்னான். தெருவுக்குத் தெரு தகரம் அடிக்கச் சொன்னான். எதைத் திறந்தாலும் திறந்த வீட்டில் நாய் நுழைந்த மாதிரி நோய் நுழையும் என்றான். எல்லாம் வருஷக்கணக்காக அவன் நாற்காலியில் உட்கார்ந்தவர்கள் பேசுகிற தோரணை. அவர்கள் ஊரைத் திருத்துவார்கள், நாட்டைத் திருத்துவார்கள். அவன் கத்தரியை நிறுத்தாமல் ஆமாங்க, ஆமாங்க என்பான். இன்றைக்கு ஊரே அவனுக்கு ஆமாம் போட்டது. அந்த ருசி அவனுக்குப் புதிது.

மைக் அடுத்த ஆளிடம் நகர்ந்தது.

அப்போதுதான் சலூன் ஞாபகம் வந்தது.

கம்பு எட்டாத தூரத்துக்குப் போயிருந்தது.

வீட்டில் டிவி அணைந்திருந்தது. காஞ்சனா பையை வாங்கிக்கொண்டு ஒரு சொம்பு தண்ணீர் கொடுத்தாள். முறத்தோடு ஓரமாக உட்கார்ந்தாள்.

போன்தான் ஓயாமல் பேசியது. திருப்பூரிலிருந்து மச்சான். கூடப் படித்தவன், அவன் நம்பர்கூட இவனிடம் இல்லை. எல்லாரும் கலக்கிவிட்டாய் என்றார்கள். ஒவ்வொரு போனுக்கும் அவனுக்கு உடம்பு கொஞ்சம் நிமிர்ந்தது. காஞ்சனாவுக்கும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டான்.

சங்கத் தலைவர் கூப்பிட்டபோது மட்டும் எடுக்கவில்லை.

கடைசியில் தணிகைவேல் சார். ஓய்வு பெற்ற ஹெட்மாஸ்டர், நெடுநாள் வாடிக்கை. பேச்சென்றால் இதுதான் பேச்சு என்றார். ஜனங்களுக்கு ஒழுக்கம் கிடையாது, இறுக்கிப் பிடித்தால்தான் அடங்கும் என்றார். அவன் பழக்கதோஷத்தில் ஆமாங்க என்றான்.

பிறகு அவர் குரல் இறங்கியது.

"முடி காதை மூடுதுப்பா. பின்வாசலைத் திறந்து வைக்கிறேன். சாயங்காலமா ஒரு நடை வந்துட்டுப் போயிடேன்."

போனை வைத்துவிட்டு அவன் காஞ்சனாவைப் பார்த்தான்.

அவள் உள்ளே போனாள். கத்தரியையும் சீப்பையும் துண்டில் சுற்றி எடுத்துவந்தாள். ரேஷன் பையிலிருந்த அரிசியைப் பானையில் கொட்டினாள். காலிப் பையின் அடியில் துண்டை வைத்து, மேலே ஒரு கட்டு முருங்கைக் கீரையைப் பரப்பினாள்.

மாஸ்க் இன்னும் அவன் மோவாயில்தான் தொங்கிக்கொண்டிருந்தது.

அவளே அதை மூக்குக்கு மேல் ஏற்றிவிட்டாள். காதோரம் சரி பார்த்தாள்.

"வழியில இறக்கிடாதீங்க," என்றாள். "இப்ப ஊருக்கே தெரிஞ்ச மூஞ்சி."