பிரேக் சரியான நாள்

வளைகாப்பு வீட்டில் வாய்த்தகராறு ஆனதிலிருந்து பொன்ராணியும் ஓரகத்தி சுகந்தாவும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. ஆனால் வீட்டுக்கு இருப்பது ஒரே வேன். பின்சீட்டில் பக்கத்துப் பக்கத்தில்தான் உட்கார்ந்தாக வேண்டும். மூன்று முறை பழுது பார்த்தும் பிரேக் பிடித்தால் அது தூக்கித்தான் போட்டது. அப்போதெல்லாம் ஒருத்தி கையை ஒருத்தி இறுகப் பிடிப்பாள். குலுக்கல் அடங்கியதும் இருவரும் வெடுக்கென்று விட்டுவிடுவார்கள்.

"இந்தத் தடவை பஞ்சு மாதிரி நிக்கும்ணே" என்றார் மெக்கானிக்.

"போன தடவையும் இதையேதான்யா சொன்னே!" பொன்ராணியின் கணவர் எரிந்து விழுந்துவிட்டு வண்டியை எடுத்தார்.

ரயில்வே கேட்டைக் கண்டதுமே பொன்ராணியின் கை தானாகப் போனது. சுகந்தாவும் பிடித்துக்கொண்டாள். வேன் அலுங்காமல் நின்றது. குலுக்கலே இல்லை. பிடித்த கையை எப்போது விடுவதென்று இருவருக்கும் தெரியவில்லை.