குக்கர் ஏறாத அடுப்பு

சமையலறையிலிருந்து கிளம்பிய விசில் வீட்டையே துளைத்தது. "ஒண்ணாச்சு. மூணு வந்ததும் அணைச்சிடு, பரிமளா," என்றாள் கூடத்தில் இருந்த மாமியார்.

பரிமளா கத்தியைக் கீழே வைத்தாள். குக்கர் இன்னும் கழுவாமல் தொட்டியில்தான் கிடந்தது. வெங்காயம் நறுக்கிக்கொண்டே, தன்னை மறந்து அவள்தான் விசிலடித்திருந்தாள். பொம்பளைப் பிள்ளை விசிலடிக்கலாமா என்று சின்ன வயதில் அப்பா உதட்டிலேயே அறைந்ததோடு நின்ற பழக்கம். இப்போதே குக்கரை ஏற்றிவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. அவசரமாக அதைத் தேய்க்க ஆரம்பித்தாள். ஆனால் உதடு மறுபடியும் குவிந்தது. இரண்டாவது விசில் ஒரு ராகத்தோடு, நீளமாக வந்தது.

மாமியார் எழுந்து வந்து, எரியாத அடுப்பைப் பார்த்தாள்.

"என்னடி சத்தம் அது?"

பரிமளா குக்கரைத் தொட்டியிலேயே வைத்தாள். "நான்தான் அத்தை. இதைவிடச் சத்தமாவும் எனக்கு அடிக்க வரும்."