நாலாவது வெடி

மூன்றாவது வெடிக்கும் நான் விழுந்துவிட்டேன்.

முழங்கைகளை ஊன்றி, நெஞ்சு நிலத்தில் படாமல், வாயைத் திறந்தபடி. ஷெல்லடிக் காலத்தில் பள்ளிக்கூடத்தில் பழக்கிய மாதிரியே. அங்கே படித்த கணக்கெல்லாம் மறந்துபோயிற்று, இது மட்டும் மறக்கவில்லை.

நாங்கள் எடுத்துக்கொண்டிருந்த படத்தின் கடைசிக் காட்சி மிகச் சின்னது. போரில் வெருண்டுபோன ஒரு பெண், பக்கத்துத் தோட்டத்தில் கிணறு வெட்ட வெடி வைக்கும்போது அசையாமல் நிற்கிறாள். வசனம்கூட இல்லை.

நான் நடிகை இல்லை. சுன்னாகம் சந்தையில் வெங்காய வியாபாரிகளோடு நான் சண்டை பிடித்ததைப் பார்த்துவிட்டுத்தான் இயக்குநர் ரேச்சல் என்னைக் கேட்டாள். எதற்கும் பயப்படாத முகமாம். அந்த முகம் இப்போது புத்தூர்ச் செம்மண்ணில் கிடந்தது.

படக்குழு என்றால் ரேச்சல், கமராக்காரர் தியாகராசா அண்ணை, நான். கிணறு வெட்டுகிறவர்கள் கல்லுடைக்க அன்றைக்கு நாலு வெடிதான் வைத்திருந்தார்கள். இனி ஒன்றுதான் மிச்சம்.

தியாகராசா அண்ணை என்னைவிடப் பத்து வயது மூத்தவர். காலையிலிருந்து அவருக்கு ஒரே பாட்டு. வெயில் போகிறது, பற்றரி முடிகிறது, மைக் பழுதாகிவிடும்.

“சத்தத்தைப் பிறகு ஸ்ரூடியோவிலை போடலாம், தங்கச்சி. இப்ப வெடியில்லாமல் சும்மா நில்லும், எடுத்துப்போட்டுப் போவம்.”

ரேச்சலும் அதுதான் சரி என்று தலையாட்டினாள்.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. தம்பியின் கலியாணத்தில் சீனவெடி கொளுத்தியபோது, பந்தியில் சோற்று இலைக்கு மேலேயே குப்புற விழுந்தவள் நான். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று சொல்லிச் சிரித்தார்கள். நானும் சேர்ந்து சிரித்தேன். பதினொரு வருசமாகியும் அந்தச் சிரிப்பு எனக்குச் செமிக்கவில்லை.

“சத்தமில்லாமல் நிக்க எனக்குத் தெரியும், அண்ணை. அதுக்கு உங்கடை படம் தேவையில்லை.”

அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு கமராவுக்குப் பின்னால் போனார். கோபம் என்று நினைத்தேன். ரேச்சல், முந்திய மூன்று தரமும் போல, வெடிகாரருக்குக் கை காட்ட வேலியடிக்கு ஓடினாள்.

வெடிகாரரின் விசில் கேட்டது.

செருப்பைக் கழற்றி எறிந்துவிட்டுக் கால்விரல்களால் மண்ணைப் பிடித்தேன். இவ்வளவு நாளும் நீ சொன்னபடி விழுந்தேன், இனிமேல் முடியாது என்று வெடியிடமே சொன்னேன்.

வெடித்தது.

நிலம் அதிர்ந்தது. காது கூவியது. வெங்காயப் பாத்தியில் நின்ற காகங்கள் எல்லாம் எழும்பிப் பறந்தன. நான் போகவில்லை. உடம்பு முழுக்க நடுங்கியது. நடுங்கட்டுமே, நின்றுகொண்டுதானே நடுங்குகிறேன்!

சிரித்துக்கொண்டு கமராப் பக்கம் திரும்பினேன். மூன்று தரமும் முகத்தை மண்ணுக்குள் வைத்திருந்ததால், வெடிக்கிற நேரத்தில் அந்தப் பக்கத்தை நான் பார்த்ததே இல்லை.

கமரா ஸ்ராண்டில் தன்பாட்டில் ஓடிக்கொண்டிருந்தது.

அதற்குப் பின்னால் தியாகராசா அண்ணை நிலத்தில் குப்புறக் கிடந்தார். கண்களை இறுக்கி மூடியிருந்தார்.

ரேச்சல் வேலியடியிலிருந்து ஓடி வருவதற்குள் அவரைக் கைகொடுத்து எழுப்பிவிட்டேன்.

“நாளைக்கும் வெடி வைப்பினமாம், அண்ணை. வாங்கோ, பக்கத்திலை நான் நிக்கிறன்.”