சோசம்மாவின் எச்

"ஏடி, கம்பியைப் பாக்காதே. கண்ணாடியைப் பாரு, கண்ணாடியை மட்டும் பாரு."

கார் ஜன்னலுக்குள் தலையை விட்டு ஈப்பச்சன் இதைச் சொல்வது ஏழாவது முறை. ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த அவர் மனைவி சோசம்மா திரும்பவில்லை.

"இச்சாயா, நீங்க தலையை எடுத்தாத்தான் எனக்குக் கண்ணாடி தெரியும்."

திருவல்லாவுக்குப் பக்கத்தில் அந்த மைதானம். தரையில் எச் எழுத்தைப் போலக் கம்பிகள் நட்டிருந்தார்கள். காரை முன்னால் ஓட்டி, அதே வழியில் பின்னாலேயே கொண்டுவர வேண்டும். ஒரு கம்பியில் உரசினாலும் லைசென்ஸ் கிடையாது. சோசம்மாவுக்கு இது நாலாவது முறை.

"இன்னைக்கும் இடிச்சேன்னா உன்னோட எல் போர்டு லைசென்ஸ் காலாவதி. மறுபடி முதல்லேருந்து ஆரம்பிக்கணும், ஞாபகம் வச்சுக்க."

"வச்சிருக்கேன்."

"திங்கக்கிழமை லைசென்ஸைக் காட்டலைன்னா சாப்பாட்டு வண்டி அந்த லிஸியம்மா கைக்குப் போயிடும். அதையும் ஞாபகம் வச்சுக்க."

சோசம்மாவின் முகம் ஒரு நொடி வாடியது. சோசம்மாவும் லிஸியம்மாவும் இருந்த பெண்கள் குழுவின் சாப்பாட்டு வண்டியை ஓட்டும் வேலை அது. ஐம்பத்திரண்டு வயதுவரை அடுப்படியைத் தாண்டாதவளுக்கு அந்த வேலையின் மேல் அப்படி ஓர் ஆசை. வண்டிக்கு என்ன நிறம் அடிக்கலாம் என்றுகூட யோசித்து வைத்திருந்தாள்.

விசில் சத்தம் கேட்டது. "அடுத்தது சோசம்மா. ஐயா, நீங்க கயித்துக்கு அந்தப் பக்கம் போங்க. புருஷனா இருந்தாலும் உள்ள நிக்கக் கூடாது" என்றார் இன்ஸ்பெக்டர்.

ஈப்பச்சன் கயிற்றுக்கு வெளியே போய் நின்றார். முப்பது வருடம் மலைப்பாதையில் ஜீப் ஓட்டியபோதுகூட அவருக்கு இப்படி நெஞ்சு அடித்துக்கொண்டதில்லை. ஜீப்பை விற்று நாலு வருடம் ஆகிறது. அதன்பிறகு அவர் உருப்படியாகச் செய்த ஒரே காரியம், இவளுக்கு வண்டி சொல்லிக்கொடுத்ததுதான். தினமும் விடிகாலை ஐந்தரைக்குக் குளித்துவிட்டு, பழைய மாருதியில் அவள் பக்கத்தில் உட்காருவார். அதற்காக ராத்திரி எட்டு மணிக்கே படுத்துவிடுவார். "ஈப்பச்சன் வாத்தியாராயிட்டான்டா" என்று கூட்டாளிகள் முச்சந்தியில் நின்று கேலி செய்ததையும் பொறுத்துக்கொண்டார்.

பக்கத்தில் நின்ற ஓர் இளைஞன் கேட்டான். "அம்மாவுக்கு நாலாவது தடவையா?"

"உனக்கு எத்தனையாவது?"

"முதல் தடவை."

"அப்ப வாயை மூடிக்கிட்டு நில்லு."

கார் நகர்ந்தது. முன்னால் போகும் பாதி பிசிறில்லாமல் முடிந்தது. இனிப் பின்னால் வர வேண்டும். முதல் வளைவு தாண்டியது. இரண்டாவதும் தாண்டியது. ஈப்பச்சன் மூச்சைப் பிடித்துக்கொண்டார். இன்னும் ஒரே ஒரு வளைவு. கம்பிக்கும் காருக்கும் நடுவில் தாராளமாக ஒரு முழம் இடம் இருந்தது.

"அப்படியே வா. அப்படியே நேரா வந்துடு" என்று அவர் முணுமுணுத்தார்.

டங் என்று ஒரு சத்தம். கடைசிக் கம்பி ஆடியது.

விசில் ஒலித்தது. அந்த இளைஞன் நல்லவேளையாக எதுவும் சொல்லவில்லை. ஈப்பச்சனுக்குக் கோபம் உச்சந்தலைவரை ஏறியது. "ஆறு மாசம்! எருமைக்குச் சொல்லிக்கொடுத்திருந்தாக்கூட இந்நேரம் பெங்களூருக்கு ஓட்டிட்டுப் போயிருக்கும்" என்று கத்திக்கொண்டே கயிற்றைத் தாண்டினார்.

இன்ஸ்பெக்டர் குறுக்கே வந்து நிறுத்தினார். "நீங்கதான் சொல்லிக்கொடுத்தீங்களா?"

"ஆமா சார். என் தலையெழுத்து."

"நல்லாத்தான் சொல்லிக்கொடுத்திருக்கீங்க." அவர் குரலைத் தாழ்த்தினார். "இருபது வருஷமா பாக்குறேன். இடிக்கிறவங்க எல்லாரும் பயத்துல இடிப்பாங்க. உங்க வீட்டம்மா கண்ணாடியில அளவு பார்த்து, ஸ்டியரிங்கை ஒரு விரக்கடை ஒடிச்சு, அந்தக் கம்பியைத் தேடிப் போய்த் தொட்டாங்க. போன மூணு தடவையும் இதே கம்பிதான். வீட்டுல ஏதாவது பிரச்சினையா?"

ஈப்பச்சன் திரும்பினார். காரை நோக்கி நடந்தார். சோசம்மா அதற்குள் பக்கத்து இருக்கைக்கு மாறி, மடியில் கைகளைக் கோர்த்து உட்கார்ந்திருந்தாள். அவர் ஏறிக் கதவைச் சாத்தினார். சாவியைத் திருகவில்லை.

"வேணும்னே இடிச்சியா?"

அவள் ஜன்னல் வழியே அந்தக் கம்பியைப் பார்த்தாள்.

"என்னை நாலு பேர் முன்னாடி கோமாளியாக்கணும்னு எத்தனை நாளா நினைச்சிருந்தே?"

"அப்படியெல்லாம் இல்லை."

"அந்த வேலை வேணும்னு நீதானடி அழுதே?"

"இப்பவும் வேணும்தான்." அவள் கண் கலங்கியிருந்தது. "வண்டிக்கு நிறம்கூட யோசிச்சு வச்சிருக்கேன்."

"அப்புறம் எதுக்குடி இடிச்சே?"

சோசம்மா முதல்முறையாக அவர் முகத்தைப் பார்த்தாள்.

"எச் எனக்கு ரெண்டாவது மாசமே வந்துடுச்சு. லைசென்ஸ் கைக்கு வந்துட்டா, விடிகாலைல என் பக்கத்துல உக்கார நீங்க எழுந்திருக்க வேண்டாம். அதுக்காக ராத்திரி குடிக்காம படுக்கவும் வேண்டாம். இன்னையோட நூத்தறுபத்தி நாலு நாள் ஆச்சு, இச்சாயா. இன்னும் கொஞ்ச நாள் நான் தோத்துக்கிறேனே."