ஞாயிறு விடுமுறை எடுக்கும் நிலநடுக்கம்

“ஆகஸ்ட் பதிமூணு, செவ்வாக்கெழம, மத்தியானம் ஒன்னரை மணி. சுள்ளுன்னு வெயிலு. வானத்துல பொட்டு மேகம் கெடையாது. அப்புறம் எங்கேருந்து சார் இடி இடிச்சிருக்கும்?”

காத்தாயி கேட்ட கேள்விக்குச் சுரங்க மேலாளர் திருமுருகன் வானத்தை அண்ணாந்து பார்த்தார். ஒரு வாரம் கழித்துப் பார்த்து என்ன பயன்? இடி என்ற வாதத்தை அத்துடன் அவர் கைவிட்டார்.

செந்துறைக்குத் தெற்கே, சுண்ணாம்புக்கல் சுரங்கத்தின் வடக்கு விளிம்பை ஒட்டியிருந்தது அந்தத் தெரு. அதில் முதன்முதலாகத் தளம் போட்டு எழுந்த வீடு காத்தாயியுடையது. ஊரார் வயலில் களை வெட்டியும் கரும்பு வெட்டியும் எட்டு ஆண்டுகளாகக் கட்டிய வீடு. குடிபுகுந்து இரண்டு பொங்கல்கூட ஆகவில்லை. அதற்குள் சமையலறைச் சுவரில் ஓணான் ஓடியதுபோல் ஒரு விரிசல். வடக்கு விளிம்பில் மறுநாள் இன்னொரு பெரிய வெடி வைக்க இருந்தார்கள். அதைத் தாங்கும் நம்பிக்கை சுவருக்கும் இல்லை, காத்தாயிக்கும் இல்லை.

மூன்று முறை சுரங்க அலுவலகத்துக்குப் போய் நின்றபோது வாசல் காவலாளிகூடக் காத்தாயியை நிமிர்ந்து பார்க்கவில்லை. இன்று மேலாளரே தேடி வந்திருந்தார். காரணம், வீட்டுக் கொல்லையில் இருந்தது: தரையில் பதித்த ஒரு சிமெண்டுத் தொட்டி, அதன்மேல் தகர மூடி, பக்கத்துக் கம்பத்தில் ஒரு சோலார் தகடு, கம்பத்தின் நடுவில் ஓர் அறிவிப்பு: ‘நில அதிர்வு ஆய்வு நிலையம். தொடாதீர்.’ அப்படி ஒன்று அங்கே இருக்கும் செய்தி திருமுருகனின் காதுக்கு முந்தின நாள்தான் எட்டியிருந்தது.

“அப்ப அது பூகம்பமா இருக்கும்மா. சின்னதா ஒண்ணு.”

“பூகம்பம் தெனமும் ஒன்னரைக்குத்தான் வருமா சார்? ஞாயித்துக்கெழம லீவு வேற எடுத்துக்குதே. சம்பளம் ஏதும் குடுக்குறீங்களா?”

திருமுருகன் சிரிக்க முயன்றார்; முகம் ஒத்துழைக்கவில்லை. தொட்டியை நோக்கி ஓரடி எடுத்து வைத்தார்.

“பாத்து சார். ஆளு நடக்கறதுகூட அதுல விழும்னு பொட்டி வெக்க வந்த தம்பி சொல்லியிருக்காரு.”

மேலாளர் குனிந்து ஷூவைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டார்.

“எதுக்கு வெச்சாங்களாம்?”

“தேங்காயைத் தட்டிப் பாத்து வாங்குறோமில்ல, அந்த மாதிரியாம். ஜப்பான்ல பூமி ஆடுனா அந்த அலை பூமிக்குள்ள பூந்து இங்க வந்து சேருமாம். அது வர்ற நேரத்தை வெச்சு உள்ளார எது கெட்டி, எது கொழகொழன்னு கண்டுபிடிச்சிருவாங்களாம்.”

“ஜப்பான்ல ஆடுறதே இங்க விழும்னா...” என்று தொடங்கிய திருமுருகன், தம் சுரங்கத்துக்கும் அந்தத் தொட்டிக்கும் உள்ள தொலைவைக் கண்ணால் அளந்தார். வாக்கியம் பயனிலை இல்லாமலே நின்றது.

“வெடின்னா எல்லாப் பக்கமும் வெளியே தள்ளும். பூகம்பம்னா ஒரு பக்கம் தள்ளும், ஒரு பக்கம் இழுக்கும். நாலு ஊருப் பொட்டியைச் சேத்து வெச்சுப் பாத்தா குட்டு வெளிப்பட்டுடும்” என்று பிறகு தமக்குத்தாமே முணுமுணுத்தார்.

“எனக்கு அடுப்படியில சொம்பு உருண்டதுமே வெளிப்பட்டுருச்சு சார்.”

“செவ்வாக்கெழம வெடிச்சது இதுக்குத் தெரிஞ்சிருக்குமா?”

“தெரியாமயா? அன்னிக்கு அது பதறுன பதட்டத்தை என் கண்ணால பாத்தேன்.”

தொட்டிக்குள் ஏதோ மெல்ல உறுமியது. திருமுருகனின் குரல் பாதியாகத் தாழ்ந்தது.

“இப்பவும் ஓடிக்கிட்டுதான் இருக்கா?”

“அது பாட்டுக்கு அது வேலையைப் பாக்குது.”

“ஒரே ஒரு தடவை தொறந்து பாத்துட்டு...”

“ஐயையோ! இந்த நேரத்துல கலைச்சா அம்புட்டும் வீணாப் போயிடும் சார்.”

திருமுருகன் இரண்டடி பின்வாங்கினார். “சரி, விரிசலைப் பூசித் தரச் சொல்றேம்மா.”

“நாளைக்கு மறுபடி வெடிப்பீங்க. நாளான்னிக்கு மறுபடி பூசுவீங்க. இது வூடா சார், கல்யாணப் பொண்ணு மூஞ்சியா?”

இனிப் பேச்சில் மிச்சமில்லை என்பது திருமுருகனுக்கு விளங்கிவிட்டது. ஷூவை அக்குளில் இடுக்கிக்கொண்டு, பையிலிருந்து கம்பெனித் தாளை எடுத்தார், பைக் இருக்கையின்மேல் வைத்து எழுதினார், எழுதியதைப் படித்தார்.

“‘வடக்கு விளிம்பில் நாளை முதல் வெடி வைக்கப்படமாட்டாது என முடிவு செய்யப்படுகிறது.’ போதுமா?”

“செய்யப்படுகிறதுன்னா, யாரு செய்யறது?”

“நான்தாம்மா.”

“அப்ப அதைச் சொல்லுங்க.”

அடித்து, ‘முடிவு செய்கிறேன்’ என்று திருத்திக் கையெழுத்திட்டார். நீட்டப் போனவர் தயங்கினார்.

“இதுக்கு முன்னாடி வெடிச்சதை யாருக்கும் அனுப்பிட மாட்டீங்களே?”

“சத்தியமா இதுவரைக்கும் நான் எதையும் யாருக்கும் அனுப்புனதில்லை சார்.”

நெகிழ்ந்துபோன திருமுருகன் தாளை இரு கைகளாலும் கொடுத்தார். பைக்கைக் கிளப்பாமல் தெருமுனை வரை தள்ளிக்கொண்டே போனார். அந்தத் தலை மறைந்ததும் காத்தாயி தாளை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு, ஒரு பிடி கம்புடன் போய்த் தகர மூடியை மெல்லத் தூக்கினார்.

வெடிச்சத்தத்தில் உலகத்து நிலநடுக்கம் ஒன்றுகூடக் காதில் விழவில்லை என்று ஆய்வாளர்கள் தை மாதமே கருவியைக் கழற்றிக்கொண்டு போய்விட்ட அந்தத் தொட்டியில், முட்டைகளை விட்டு அசையாமல் ஓர் அடைக்கோழி காத்தாயியை முறைத்தது.