இரண்டா எட்டா

பஜாஜ் ஆட்டோவைத் தேர்வு மையத்துக் கேட்டுக்கு எதிரே நிறுத்திய கையோடு ஜெரிஹூன் சட்டைப்பையிலிருந்து நுழைவுச் சீட்டை எடுத்தார். மகள் மஹ்லெத் அதை வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டாள்.

அப்பா கையில் இனிமேல் எந்தக் காகிதத்தையும் விடுவதாக இல்லை அவள்.

தலை வாரவில்லை. ஒரு காலில் தன் செருப்பு, மறுகாலில் அம்மாவுடையது. காப்பி ஒரு வாய்கூட உள்ளே போகவில்லை, அதுதான் எல்லாவற்றையும்விடப் பெரிய கொடுமை. மூன்று சுற்றுக் காப்பி முடியாமல் மஹ்லெத்துக்குத் தன் பெயரே ஒழுங்காக எழுத வராது என்பது ஹவாசாவில் அவர்கள் தெரு முழுக்கத் தெரிந்த விஷயம்.

அதனால்தான் மருத்துவக் கல்லூரி நுழைவுத் தேர்வுக்கு எந்த நேரம் வேண்டும் என்று கேட்டபோது, அவள் யோசிக்கவே இல்லை.

போன் திரையில் இரண்டே கட்டங்கள் இருந்தன. ஒன்றில் எட்டு, இன்னொன்றில் இரண்டு. வேறு ஒரு வார்த்தை கிடையாது.

இரண்டு என்றால் காலை, எட்டு என்றால் மத்தியானம். இதில் யோசிக்க என்ன இருக்கிறது? அவர்கள் நாட்டில் மணியை விடிந்ததிலிருந்துதான் எண்ணுவார்கள்: விடிந்து ஒரு மணி நேரம் போனால் மணி ஒன்று. இரண்டு மணி நேரம் போனால் இரண்டு. உச்சிப்பொழுது ஆறு, அதைத் தாண்டிச் சாப்பிட்டு ஏப்பம் விட்டால் எட்டு. பால்குடி மறக்காத பிள்ளையும் சொல்லும்.

எட்டைத் தொட்டாள்.

அப்பாவுக்குப் பொறுக்கவில்லை. மத்தியானம் மழை வரும், மழை வந்தால் கரண்ட் போகும், கரண்ட் போனால் தேர்வு போகும் என்று பத்து நாள் நச்சரித்தார். காலையில்தான் மனுஷனுக்குப் புத்தி வேலை செய்யும் என்றார். காலையில் அவருக்குச் சவாரி நன்றாகக் கிடைக்கும், அதை வைத்து அவராகவே கண்டுபிடித்த உண்மை அது.

மஹ்லெத் மசியவில்லை.

ஒரு நாள் அவள் குளிக்கப் போன நேரம் பார்த்து, சார்ஜில் கிடந்த போனை எடுத்து எட்டை இரண்டாக மாற்றிவிட்டார் மனிதர். ஒரே ஒரு தடவைதான் மாற்றலாம் என்று அது எச்சரித்ததாம். அதற்கும் சரி என்று அழுத்திவிட்டார். அதோடு விட்டாரா? "நீ படி கண்ணு, சீட்டை நானே போய் அச்சடிச்சுட்டு வரேன்" என்று நல்லவர் மாதிரி வேறு பேசினார்.

இன்று விடிந்தும் விடியாமல் அவளை உலுக்கி எழுப்பும்போதுதான் உண்மையைக் கக்கினார்.

சண்டை போடக்கூட நேரமில்லை. இந்தத் தேர்வை இரண்டு தடவைக்கு மேல் எழுத விடமாட்டார்கள். போன வருஷம் மூன்று மதிப்பெண்ணில் போயிற்று. இது இரண்டாவது தடவை. இதுவும் போனால் டாக்டர் படிப்பு என்ற பேச்சையே மறந்துவிட வேண்டியதுதான். வழி நெடுக அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

கேட்டில் நின்ற காவல்காரர் சீட்டை வாங்கிப் பார்த்தார். தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு அவள் கால்களைப் பார்த்துச் சிரித்தார்.

"இப்ப எதுக்கும்மா வந்தே? இது வெள்ளைக்காரன் ரெண்டு. இந்தக் கம்ப்யூட்டரைச் செஞ்சவன் வெளிநாட்டுக்காரன், அவன் உச்சிவெயில்லேர்ந்து எண்ணுறான். நம்ம கணக்குக்கு எட்டு. போய்ச் சாப்ட்டுட்டு மத்தியானமா வா."

மஹ்லெத்துக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் சீட்டை மறுபடி வாங்கிப் பார்த்தாள். மத்தியானம். அவள் கேட்ட அதே மத்தியானம். வீட்டுக்குப் போய் மூன்று சுற்றுக் காப்பியும் குடித்துவிட்டு, செருப்பையும் சரியாகப் போட்டுக்கொண்டு வரலாம். அங்கேயே குதிக்கலாம் போல அத்தனை சந்தோஷமாக இருந்தது அவளுக்கு.

சந்தோஷத்தின் பின்னாலேயே கோபமும் வந்தது. அப்பா பக்கம் திரும்பினாள்.

அவர் ஆட்டோவின் கண்ணாடியைத் துடைக்கிற சாக்கில் முகத்தை மறைத்துக்கொண்டிருந்தார். காலையில் ஏற்கெனவே இரண்டு தடவை துடைத்த கண்ணாடி.

"பாத்தீங்களாப்பா? திருட்டுத்தனமா மாத்தியும் எனக்கு மத்தியானம்தான் கிடைச்சிருக்கு. எதுக்கு இந்தப் பொல்லாத வேலை உங்களுக்கு? நான் போட்ட எட்டை அப்படியே விட்டிருந்தா, இந்நேரம் நிம்மதியா தூங்கிட்டு இருந்திருப்பேன்."

ஜெரிஹூன் தலையைக் குனிந்துகொண்டார். தப்பு தப்புதானே.

அவள் விடுவதாக இல்லை. அடுத்ததற்கு மூச்சை இழுத்தாள்.

கேட்டருகே காவல்காரர் கையை வாயருகே குவித்து, தெருவைப் பார்த்துக் கூவினார்.

"எட்டு மணிச் சீட்டு வேற யாராச்சும் பாக்கி இருக்கீங்களா? கதவைச் சாத்தப்போறேன். சாத்தினா திறக்கமாட்டேன்."

தெரு முனையிலிருந்து ஒரு பையன் சீட்டை ஆட்டிக்கொண்டே ஓடி வந்து உள்ளே நுழைந்தான். கதவு மூடியது. உள்ளேயிருந்து தாழ் விழுந்தது.

இழுத்த மூச்சு இழுத்தபடியே நின்றது மஹ்லெத்துக்கு. வெள்ளைக்காரன் எட்டு, அவள் தொட்ட அதே எட்டு.

அப்பாவுக்குக் கொஞ்சம் தாமதமாகத்தான் உறைத்தது. மூடிய கதவைப் பார்த்தார், மகளைப் பார்த்தார். குனிந்திருந்த தலை மெல்ல நிமிர்ந்தது, முகத்தில் ஒரு வெளிச்சம் பரவியது, வாய் திறந்தது.

"ஒரு வார்த்தை பேசக்கூடாது" என்றாள் மஹ்லெத், அவர் கையை இறுகப் பிடித்துக்கொண்டு.