நாற்பதடியில் என்ன மீன்?

"குழாயைத் திறந்து விடுங்க, மிஸ்டர் ஹாய்ட்."

"ஊர்ல எல்லாரும் படகைத் தண்ணிக்குள்ள விடுவாங்க. நீ தண்ணியைப் படகுக்குள்ள விடச் சொல்றியே!" ஹாய்ட் சிரித்துவிட்டு, மென்றுகொண்டிருந்த புகையிலையைக் காகிதக் குவளையில் துப்பினார்.

லூரீன் சிரிக்கவில்லை. வேலை முடிந்து நேராக வந்திருந்தாள். கோழி ஆலையின் வெள்ளை ரப்பர் பூட்ஸ் இன்னும் காலில் இருந்தது. அவளே குழாயை இழுத்து வந்து, டிரெய்லர்மேல் நின்ற தட்டையடி அலுமினியப் படகுக்குள் போட்டுத் திறந்தாள்.

அலபாமாவில், நெடுஞ்சாலையோரம் பழைய படகுகள் விற்கும் இடம் அது. சனிக்கிழமை மதியம். அவள் சட்டைப்பையில் தொள்ளாயிரம் டாலர் இருந்தது. நாளை விடியும்போது அவள் டக்கர் ஏரியில், படகில் இருந்தாக வேண்டும். திங்கட்கிழமை அங்கே அணையைத் திறக்கிறார்கள்.

"டக்கர் ஏரியா? எண்பது மைல் போகணுமே. அணையைத் திறந்தா திறக்கட்டும், மீன் எங்க ஓடிடப் போகுது?"

"தண்ணியோட போயிடும்," என்றாள்.

"இந்தா பாரும்மா. தொள்ளாயிரத்துக்குப் படகு, சின்ன மோட்டார், டிரெய்லர், ரெண்டு தூண்டில்கோல். பாஸ் மீன் பிடிக்க இதைவிட மலிவா எவன் தருவான்? எழுபதாயிரம் டாலர் படகுல போனவனெல்லாம் வெறுங்கையோட திரும்பறான். இதுக்கு ஜோடி ஒண்ணு இருந்துச்சு, பச்சை. ரெண்டையும் என் கையாலதான் சரி பண்ணினேன். போன மாசம் ஒரு நெட்டைப் பய அதை வாங்கிட்டுப் போனான். இன்னைவரைக்கும் ஒரு குறைன்னு வந்து நின்னதில்லை."

லூரீன் மண்டியிட்டுப் படகின் அடியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மோட்டார் மாட்டும் பலகைக்குக் கீழே ஒரு சொட்டு விழுந்தது. பிறகு இன்னொன்று. பிறகு நிற்கவே இல்லை.

"அது வேர்வைம்மா. வெயில்ல பச்சைத் தண்ணி பட்டா அலுமினியம் வேர்க்கும்."

அவள் நகத்தால் சுரண்டினாள். சாம்பல் பெயின்ட் உரிந்தது. அடியில் இருந்த ரப்பர் பசை சூயிங்கம் மாதிரி விரலோடு நீண்டு வந்தது. தகடுகளை இணைத்திருந்த இரண்டு ரிவெட் ஆணிகள் ஆடின.

"இதுவும் வேர்க்குதா?"

ஹாய்ட்டின் முகம் சிவந்தது. "தொள்ளாயிரத்துக்குக் கப்பலா தருவாங்க? கூட ஒரு காபி டப்பாவை எடுத்துட்டுப் போ, உள்ள வர்ற தண்ணியை மொண்டு ஊத்து. இல்லாதவன் எல்லாம் அப்படித்தான் ஓட்டறான். பிடிச்சா எடு, இல்லேன்னா இடத்தைக் காலி பண்ணு."

லூரீன் எழுந்தாள். "கொட்டகைக்குள்ள ஒண்ணு நிக்குதே?"

"அது நான் ஓட்டறது. முழுக்க வெல்டிங்ல பத்தவச்சது, ஒரு ரிவெட் கிடையாது. ஆயிரத்து ஐநூறுக்குக் கீழ தொட விடமாட்டேன்."

"தொள்ளாயிரம்தான் இருக்கு. இன்னைக்கே வேணும்."

"என்ன, போட்டியா நாளைக்கு? முதல் பரிசு எவ்வளவு?"

"தூண்டில்கோல் ரெண்டையும் நீங்களே வெச்சுக்குங்க. அதுக்குப் பதிலா அந்தத் திரையைக் கொடுங்க." அலமாரியில் இருந்த மீன் காட்டும் கருவியை அவள் காட்டினாள். "ஏரியோட அடி தெரியுமா இதுல? நாப்பதடியில?"

"கட்டை கிடந்தா கட்டை தெரியும், டயர் கிடந்தா டயர் தெரியும். அதுக்கென்ன இப்போ?"

"இருக்கறதுலயே தடியான நூல் எது?"

"எண்பது பவுண்டு தாங்கும்."

"பத்தாது."

ஹாய்ட் அவளை ஏற இறங்கப் பார்த்தார். "நூத்தி ஐம்பது தாங்கறது ஒண்ணு கிடக்குது. கடல்ல சுறா பிடிக்கறவன் கேப்பான்."

"அதைக் கொடுங்க. மூணு முனை முள்ளுல பெரிசு எதுவோ, அதுல ஒரு டஜன்."

ஹாய்ட் வயிறு குலுங்கச் சிரித்தார்.

"ஏம்மா, இது ஏப்ரல் மாசம்! பாஸ் எல்லாம் முட்டை போட முழங்கால் தண்ணிக்கு வந்து கிடக்குது. சின்னப் புள்ளைகூட கரையில நின்னுக்கிட்டே பிடிக்கும். நீ நாப்பதடிக்குப் போறேங்கற. தூண்டில்கோல் வேண்டாங்கற. இரையைப் பத்திக் கேக்கவே இல்லை. காளைமாட்டைக் கட்டி இழுக்கற நூலைக் கேக்கற. உனக்கு எவன் மீன்பிடி சொல்லிக் கொடுத்தான்?"

லூரீன் கையில் ஒட்டிய பசையை உருட்டி உருட்டி எடுத்துக்கொண்டிருந்தாள். நெடுஞ்சாலையில் மரம் ஏற்றிய லாரி ஒன்று கடந்துபோனது.

"கடையை மூட எவ்வளவு நேரம் இருக்கு?" என்றாள்.

"இப்பவே மூடலாம். ஆனா சொல்லிட்டுப் போ. முப்பது வருஷமா இந்தத் தொழில்ல இருக்கேன். நாப்பதடியில அப்படி என்ன மீன் கிடக்குது, எனக்குத் தெரியாம?" அவர் ஆணியில் தொங்கிய சாவியை எடுத்து அவள் முகத்துக்கு நேராக ஆட்டினார். "அதை மட்டும் சொல்லு. கொட்டகையில நிக்கற படகு, திரை, நூல், முள்ளு எல்லாத்தையும் அந்தத் தொள்ளாயிரத்துக்கே இழுத்துட்டுப் போ. நான் சொன்னா சொன்னதுதான்."

லூரீன் முதலில் பணத்தை எடுத்து மேஜைமேல் வைத்தாள். அடுத்து அவர் விரல்களிலிருந்து சாவியை வாங்கிக்கொண்டாள். அப்புறம்தான் பேசினாள்.

"வியாழக்கிழமை ஷெரிப்போட போலீஸ்காரங்க ஏரியில தேடறதை நிறுத்திட்டாங்க, மிஸ்டர் ஹாய்ட். அடியிலருந்து பச்சைப் படகை மட்டும் தூக்கிட்டு வந்தாங்க. குறை சொல்ல வரலேன்னீங்களே அந்த நெட்டைப் பய, என் பையன் டாய்ல், அவன் இன்னும் அங்கேதான் கிடக்கறான்."